12 லட்சம் வரை வரி இல்லை, ஜிஎஸ்டியும் குறைந்தது: எந்த வீட்டுக்கு எவ்வளவு வந்தது?

#1 காவிரிக்கரை

2025-ல் இரண்டு பெரிய வரிக் குறைப்பு நடந்திருக்கிறது. பிப்ரவரி 1 பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்றார்கள். சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 சேர்த்தால் 12.75 லட்சம். அப்புறம் செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி குறைப்பு. இரண்டையும் சேர்த்து "எல்லா வீட்டுக்கும் சலுகை" என்று டிவியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சதவீதத்தை விட்டுவிட்டு ரூபாயாகப் பார்ப்போம் என்றுதான் இந்த இழை.

முதலில் வருமான வரி. கழிவெல்லாம் போக வரிக்கு உட்பட்ட வருமானம் 12 லட்சம் உள்ளவர், புதிய முறையில் (கழிவுகள் குறைவு, வரி விகிதமும் குறைவு) முன்பு 80,000 கட்டினார். இப்போது ஒன்றுமில்லை. 8 லட்சம் என்றால் மிச்சம் 30,000. 24 லட்சத்துக்கு மேல் யாராக இருந்தாலும் 1,10,000 (வரியின் மேல் எல்லாரும் கட்டும் கூடுதல் தீர்வையான செஸ், அதிக வருமானக்காரரின் வரி மேல் போடும் கூடுதல் வரியான சர்சார்ஜ், இரண்டையும் சேர்க்கவில்லை). 7 லட்சமோ அதற்குக் கீழோ உள்ளவருக்கு? ஒரு ரூபாய்கூட இல்லை. அவருக்கு முன்பே வரி கிடையாது.

அந்தக் கடைசி ஆளைப் பற்றித்தான் என் கவலை. மத்திய அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு (2023-24) நகரத்தில் ஓர் ஆளுக்கு மாதச் சராசரிச் செலவு 6,996 ரூபாய், கிராமத்தில் 4,122 என்கிறது. நாலு பேர் வீடு என்றால் நகரத்தில் மாதம் 28,000, வருஷத்துக்கு 3.36 லட்சம். இதுதான் இந்த நாட்டின் சராசரி நகரக் குடும்பம். 12 லட்சம் என்ற எண்ணுக்கும் அந்த வீட்டுக்கும் எந்த ஒட்டும் இல்லை. கட்டாத வரியைக் குறைத்தால் அவர்கள் கைக்கு என்ன வரும்?

2024 ஜூலை 31 வரை தாக்கலான ரிட்டர்ன் சுமார் 7.28 கோடி. அதிலும் பெரும்பாலோருக்கு வரி பூஜ்யம். மக்கள்தொகை 140 கோடிக்கு மேல்.

#2 தரமணி

சார், உங்க மேல மரியாதை உண்டு. ஆனா இது நியாயமான பார்வை இல்லை. என் சம்பளம் கிட்டத்தட்ட அந்த 12.75 லட்சம்தான். செஸ் சேர்த்து வருஷம் 83,200 பிடிச்சிட்டு இருந்தாங்க, மாசத்துக்கு 6,900 சொச்சம். அது இப்ப கைக்கு வருது. நான் பணக்காரன் இல்லை. வாடகை, பொண்ணு ஸ்கூல் ஃபீஸ், அப்பாவோட டயாலிசிஸ். மாசக் கடைசியில அக்கவுண்ட்ல எவ்வளவு நிக்கும்னு உங்களுக்கே தெரியும்.

டிடிஎஸ், அதாவது சம்பளம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே பிடிக்கிற வரி, எங்ககிட்டதான் முதல்ல பிடிக்கிறாங்க. வருமானத்தை மறைக்க எங்களுக்கு வழியே கிடையாது. ரொக்கமா வாங்கற எத்தனையோ பேர் பாதியைக் கணக்கிலேயே காட்டறதில்லை. வரி கட்டறவனுக்குத்தானே வரியைக் குறைக்க முடியும்? இதையும் "வசதியானவனுக்குச் சலுகை"ன்னு சொன்னா மனசு வலிக்குது.

#3 ஃபார்ம்16

வரி ஆலோசகராக இருக்கிறேன். தரமணி சொல்வதில் நியாயம் இருக்கிறது. 12 லட்சக்காரருக்கு 80,000 என்பது வருமானத்தில் ஆறரை சதவீதத்துக்கு மேல். 50 லட்சம் உள்ளவருக்கு 1,10,000 என்பது 2.2 சதவீதம்தான். ஆகவே 2025 குறைப்பு மேல்தட்டுக்காகச் செய்யப்பட்டது என்று சொல்ல முடியாது. நடுவில் இருப்பவருக்குத்தான் அதில் அதிகம்.

ஆனால் மேல்தட்டுக்கு வர வேண்டியது இரண்டு வருஷம் முன்பே வந்துவிட்டது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

2019 ஜூலை பட்ஜெட்டில் 5 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு சர்சார்ஜ் 37 சதவீதம் ஆனது. உச்ச வரி, எல்லாம் சேர்த்து, 42.74 சதவீதம். 2023 பட்ஜெட்டில் புதிய முறைக்கு வருபவர்களுக்கு அந்த சர்சார்ஜை 25 சதவீதமாக்கினார்கள். உச்ச வரி 39 சதவீதத்துக்கு இறங்கியது. 10 கோடி வருமானம் உள்ள ஒருவருக்குக் கணக்குப் போடுங்கள். 30 சதவீத வரி ஏறக்குறைய 3 கோடி. அதன்மேல் 37 சதவீதம் 1.11 கோடி, 25 சதவீதம் 75 லட்சம். வித்தியாசம் 36 லட்சம், செஸ் சேர்த்தால் சுமார் 37 லட்சம். ஒரே ஆண்டில், ஒரே ஆளுக்கு.

அதே பட்ஜெட்டில்தான் 7 லட்சம் வரை வரி இல்லை என்று அறிவித்தார்கள். அந்த 7 லட்சக்காரருக்கு மிச்சம் 33,800. மறுநாள் பேப்பர்களில் கொட்டை எழுத்தில் வந்தது 7 லட்சம். 37 லட்சம் மிச்சமாகும் அறிவிப்பு உள்ளே ஒரு பத்தி.

#4 தரமணி

இது எனக்குப் புதுசு சார். 33,800-ம் 37 லட்சமும் ஒரே பட்ஜெட்லயா?

#5 ஃபார்ம்16

ஆமாம். 42.74 என்பது உலகத்திலேயே உயர்ந்த விகிதங்களில் ஒன்று என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அந்த வாதத்தை ஒதுக்கித் தள்ள மாட்டேன். இவ்வளவு வரி போட்டால் சிலர் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ குடியிருப்பை மாற்றிக்கொள்கிறார்கள், என் தொழிலில் பார்க்கிறேன்.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலே போகப் போக வருமானம் சம்பளமாக வருவதில்லை, பங்கு விற்ற லாபமாக வருகிறது. ஒருவர் சம்பளமாக ஒரு கோடி எடுத்தால் இன்றைய விகிதத்தில் சர்சார்ஜுக்கு முன் 25.8 லட்சம் வரி. இன்னொருவர் ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பங்குகளை விற்று ஒரு கோடி லாபம் பார்த்தால் வரி 12.5 சதவீதம், அதாவது சுமார் 12 லட்சம். 2024 ஜூலையில் 10-லிருந்து 12.5 ஆக உயர்த்திய பிறகும் இதுதான் நிலை.

சொத்துக்கு வரி இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. வாரிசுச் சொத்துக்கான வரியை 1985-ல் எடுத்தார்கள். ஆண்டுதோறும் கட்டும் சொத்து வரியை (வீட்டுவரி அல்ல, செல்வத்தின் மேல் போட்டது) 2015 பட்ஜெட்டில் எடுத்தார்கள். 2013-14-ல் நாடு முழுவதும் அதில் வசூல் 1,008 கோடிதான், வசூலிக்கும் செலவே அதிகம் என்றார் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி. பதிலுக்கு ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் மேல் 2 சதவீதம் கூடுதல் சர்சார்ஜ் போட்டார். சர்சார்ஜ்தான் சொத்து வரியின் இடத்தில் வந்து உட்கார்ந்தது. 2023-ல் குறைத்ததும் அதே சர்சார்ஜைத்தான்.

#6 ஓவர்லாக்

வணக்கமுங்க. திருப்பூர். பனியன் கம்பெனியில ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டறேன், அம்மா செக்கிங். அப்பாவுக்கு இப்ப வேலைக்குப் போக முடியறதில்லீங்க. ரெண்டு பேர் சம்பளமும் சேந்தா, ஆர்டர் நல்லா இருக்கற மாசம் 30,000 வரும். ஆர்டர் இல்லாத மாசத்தப் பத்திச் சொல்லவே வேண்டாமுங்க.

தரமணி அண்ணா, உங்களுக்கு வந்த காச நான் தப்பா நினைக்கல. ஆஸ்பத்திரிச் செலவு எனக்கும் தெரியும். ஆனா எங்க வீட்ல நாங்க வரி கட்டலைன்னு மட்டும் நினைச்சுறாதீங்க. போன் ரீசார்ஜ் மூணு பேருக்கும் பண்றோம், அதுல 18 பர்சன்ட் ஜிஎஸ்டி, இப்பவும் அதேதான். வண்டிக்கு பெட்ரோல் போடறேன், அது ஜிஎஸ்டிக்குள்ளயே வரல, லிட்டருக்கு எவ்வளவு வரியோ அதேதான் கார்காரருக்கும் எனக்கும். சோப்பு, பேஸ்ட், ஷாம்பு எல்லாத்துலயும் 18 கட்டிட்டுத்தான் இருந்தோம். ரிட்டர்ன் போடலைங்கறதால நாங்க கணக்குலயே இல்லாமப் போயிட்டோமுங்க.

நல்லதையும் சொல்லோணும். பைக்குக்கு 28-லிருந்து 18 ஆக்கிட்டாங்க. 90,000 வண்டி 83,000-க்கு வருது. மாத்தலாம்னு இருந்தேன், அந்த 7,000 எங்களுக்குப் பெரிய காசுங்க.

#7 பில்லிங் கவுண்டர்

விழுப்புரம் பக்கம் மளிகைக் கடை. கவுண்டர்ல உக்காந்து பாக்கறத சொல்றேன்.

சோப்பு, பேஸ்ட், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், ஷாம்பு, பிஸ்கட்டு, எல்லாம் 5 ஆயிடுச்சி. 18 போட்டு 118-க்கு வித்தது 105-க்கு வரணும். பெரிய பாட்டிலு, பெரிய பேஸ்ட்டு இதுல எல்லாம் விலை எறங்கி வருது, அதுல சந்தேகமில்ல. ஆனா எங்க ஊர்ல யாரு சார் பெரிய பாட்டிலு வாங்கறாங்க? சரம் சரமாத் தொங்கவிட்டு ஒரு ரூபா, ரெண்டு ரூபா ஷாம்புதான் ஓடுது. ஒரு ரூபா பாக்கெட்ட 89 காசுக்கு எப்படிக் குடுப்பேன்? மீதி 11 காசுக்கு எங்க போவேன்? அஞ்சு ரூபா பிஸ்கட்டுக்கும் இதே பிரச்சனைதான். விலையக் குறைக்காம கிராம் கூட்டித் தர்றோம்னு கம்பெனிங்க சொன்னாங்க. பாக்கெட்ட வாங்கறவங்க கிராமப் பாக்கறதில்ல.

மாசச் சாமான் 4,000-க்கு எடுக்கற வீடுன்னு வச்சிக்குங்க. அரிசி, பருப்பு சில்லறையில எடுத்தா முன்னாடியும் வரி இல்ல, இப்பவும் இல்ல. சமையல் எண்ணெய்க்கு முன்னாடியும் 5, இப்பவும் 5. 18-லிருந்து 5-க்கு எறங்கின சாமான்னு பாத்தா 700, 800 ரூபாக்குள்ளதான் வரும். 800-ன்னே வைங்க, முழுசா எறங்கினா 88 ரூபா மிச்சம். நோட்டுப் புத்தகம், பென்சிலுக்கு வரியே இல்லாமப் பண்ணாங்க, அது ஸ்கூல் தொறக்கற மாசத்துல தெரியும்.

#8 காவிரிக்கரை

கவுண்டர் தம்பி சொன்ன அந்த 88 ரூபாயைக் குறித்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம். முழுவதும் வந்து சேர்ந்தால்.

இதே ஜிஎஸ்டி குறைப்பில் பெரிய எஸ்யூவி கார்களுக்கு என்ன ஆனது? 28 சதவீத வரி, 22 சதவீத செஸ், மொத்தம் 50. இப்போது செஸ் இல்லாமல் 40. ஆடம்பரப் பொருளுக்கு 40 சதவீதம் என்று கேட்கும்போது ஏதோ ஏற்றியது போலத் தோன்றும். வரிக்கு முந்தைய விலை 15 லட்சம் உள்ள வண்டியில் ஒன்றரை லட்சம் குறைந்திருக்கிறது. ஓவர்லாக் வீட்டில் அம்மாவும் மகனும் சேர்ந்து ஐந்து மாசம் உழைத்தால் வரும் தொகை அது.

தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் 18 சதவீதத்தை முழுவதும் எடுத்தது நல்ல காரியம். பாலிசி உள்ள வீட்டுக்கு நல்ல காரியம். 40,000 பிரீமியம் கட்டிய குடும்பத்துக்கு 7,200 மிச்சம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கு அதில் ஒன்றுமில்லை.

செலவு செய்யும் அளவுக்கு ஏற்ப சலுகை வருகிறது. அதிகம் செலவழிப்பவருக்கு அதிக ரூபாய். இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டால் எனக்குப் பாதி வருத்தம் தீரும்.

#9 தரமணி

சரி சார், ஒத்துக்கறேன். ஆனா எங்க கைக்கு வர்ற காசு வெளியிலதானே செலவாகுது? துணி எடுப்போம், ஓட்டலுக்குப் போவோம். அது ஓவர்லாக் தம்பிக்கும் கவுண்டர் அண்ணனுக்கும் வியாபாரமா போய்ச் சேரும்னுதானே அரசாங்கமே சொல்லுது?

#10 ஓவர்லாக்

சேரலாமுங்க. எங்களுது எக்ஸ்போர்ட் கம்பெனி, உள்ளூர்ல துணி எடுத்தா எங்களுக்கு ஆர்டர் வராது. காதர்பேட்டை பக்கம் உள்நாட்டுக்குத் தைக்கறவங்களுக்கு வேணா வரும். பீஸ் ரேட், அதான் ஒரு பீஸுக்குத் தர்ற கூலி, ஏறுனாத்தான் எங்களுக்கு வந்து சேந்துச்சுன்னு சொல்ல முடியும். இதுவரைக்கும் ஏறல.

#11 வடசேரி

கம்பெனி வரியை யாருமே தொடவில்லையே. அதுதான் இதில் பெரியது.

2019 செப்டம்பர் 20-ல் கம்பெனிகளின் அடிப்படை வரியை 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். புதிதாகத் தொடங்கும் உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15. அரசே சொன்ன வருவாய் இழப்பு வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி. 2025 வருமான வரிக் குறைப்பில் சொல்லப்பட்ட இழப்பு சுமார் ஒரு லட்சம் கோடி. முதலாவது கம்பெனிகளுக்கு, இரண்டாவது சம்பளக்காரர்களுக்கு. 2023-24-ல் தனிநபர் வருமான வரி வசூல் சுமார் 10.44 லட்சம் கோடி, கம்பெனி வரி 9.11 லட்சம் கோடி. நாட்டில் உள்ள அத்தனை கம்பெனிகளும் கட்டியதைவிட நாம் தனித்தனியாகக் கட்டியது அதிகம்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. தரமணி தம்பி மாதிரி எனக்கும் பிடித்தம் குறைந்தது, சந்தோஷம்தான். ஆனால் சம்பளக்காரர்களும் கூலி வேலைக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்து "உனக்கு வந்தது, எனக்கு வரவில்லை" என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கம்பெனி வரிக் குறைப்பு போய்ச் சேர்ந்தது லாபத்துக்கு, அதன் வழியாகப் பங்கு வைத்திருப்பவர்களுக்கு. என் வகுப்பில் உள்ள பிள்ளைகளின் வீடுகளில் எத்தனை வீட்டில் பங்கு இருக்கும்?

#12 ஃபார்ம்16

ஒரு விளக்கம் மட்டும் அம்மா. 22 சதவீதத்துக்கு வரும் கம்பெனிகள் பழைய கழிவுகளை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே முழு 8 சதவீதமும் எல்லாருக்கும் மிச்சமாகவில்லை. முதலீடு பெருகும் என்று சொல்லித்தான் குறைத்தார்கள். ஆறு மாதத்தில் கொரோனா வந்துவிட்டதால் அதன் பலனைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். மற்றபடி நீங்கள் சொன்ன எண்கள் சரி.

#13 காவிரிக்கரை

வடசேரி அம்மா சொன்ன அந்த ஒரு லட்சம் கோடியை இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். வரி குறைவதால் வீட்டுக்கு வருவதை மட்டும் எண்ணுகிறோம். அரசிடமிருந்து வீட்டுக்கு வர வேண்டியதில் எது குறைகிறது என்று எண்ணுவதில்லை.

மத்திய அரசு வசூலிக்கும் வருமான வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்குப் போக வேண்டும் என்பது, மத்திய வரியை மாநிலங்களுக்குப் பங்கிடும் விகிதத்தைச் சொல்லும் நிதிக்குழுவில் 15-ஆவது குழு 2021-26-க்குப் போட்ட கணக்கு. அந்தத் தொகுப்பில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். ஒரு லட்சம் கோடி குறைந்தால் மாநிலங்களின் பங்கில் 41,000 கோடி குறையும், அதில் நமக்கு வர வேண்டியது சுமார் 1,670 கோடி.

1,670 கோடி என்றால் என்ன? மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் போகிறது. மாதச் செலவு ஆயிரம் கோடியைத் தாண்டும். ஆகவே இது ஏறக்குறைய ஒன்றரை மாதத் தொகை. அந்தத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமான வரி கட்டும் குடும்பம் சேர முடியாது. உரிமைத் தொகை நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ், ரேஷன் எல்லாவற்றையும் நடத்தும் பையில் அவ்வளவு குறைகிறது என்கிறேன்.

சர்சார்ஜும் செஸ்ஸும் மாநிலங்களோடு பகிரப்படாதவை. 37 சதவீதம் வசூலித்த காலத்திலும் அதில் நமக்குப் பங்கு இல்லை. அடிப்படை வரியைக் குறைத்தால் மட்டும் இழப்பில் நமக்கும் பங்கு. ஓவர்லாக் வீடு போன்ற வீட்டுக்கு வருமான வரிக் குறைப்பில் வந்தது பூஜ்யம் என்று முதல் பதிவில் எழுதினேன். இந்தக் கணக்கையும் சேர்த்தால் அது பூஜ்யத்துக்கும் கீழே.

#14 தரமணி

அப்ப என்னதான் சார் செய்யணும்கிறீங்க? எனக்கு வந்த 6,900-ஐத் திருப்பிக் கொடுக்கச் சொல்றீங்களா?

#15 காவிரிக்கரை

இல்லை தம்பி, அப்பாவின் வைத்தியத்துக்கு அது வேண்டும். அந்த 80,000-ஐ நான் எதிர்க்கவில்லை. நான் எதிர்ப்பது 2023-ல் கொடுத்த 37 லட்சத்தை. 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு சர்சார்ஜைப் பழையபடி வைக்க வேண்டும். பங்கு லாபத்துக்கும் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க வேண்டும். வாரிசுச் சொத்தில் மிகப் பெரியவற்றுக்கு வரி வேண்டும். இதெல்லாம் என் கருத்து, நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம்.

ஆனால் ஒரு விஷயத்தை எல்லாரும் சேர்ந்தே கேட்கலாம். பிரிட்டனில் பட்ஜெட் போடும்போது அங்குள்ள நிதித்துறை வீடுகளை வருமான வரிசையில் பத்தாகப் பிரித்து, எந்தப் பிரிவுக்கு எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்று ஒரு அறிக்கை வெளியிடுகிறது. வரி மட்டுமல்ல, அரசுச் செலவால் வீட்டுக்குக் கிடைப்பதும் அதில் வரும். நம் பட்ஜெட் ஆவணங்களில் சலுகைகளால் போன வருவாய் எவ்வளவு என்று ஒரு பட்டியல் உண்டு. கம்பெனிகளை லாபத்தின் அளவு வாரியாகப் பிரித்து, யார் எத்தனை சதவீதம் கட்டினார்கள் என்றும் போட்டிருக்கிறார்கள். வீடுகளுக்கு, ஜிஎஸ்டியையும் சேர்த்து, அப்படி ஒரு அட்டவணை இல்லை. செலவுக் கணக்கெடுப்பு அரசிடமே இருக்கிறது, வரிக் கணக்கும் இருக்கிறது. போட முடியாது என்று சொல்ல வழியில்லை.

எங்கள் தொகுதி எம்.பி.க்கு இதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், அடுத்த பட்ஜெட் வருவதற்குள் நாடாளுமன்றத்தில் கேள்வியாகப் போட வேண்டும் என்று. வெறும் வாதமாக அனுப்பினால் மேஜையிலேயே கிடக்கும். இரண்டு மூன்று வீட்டுக் கணக்கை இணைத்தால் படிப்பார்கள். கவுண்டர் தம்பி, ஒரே வீட்டுக்கு ஜிஎஸ்டி குறைவதற்கு முன்னும் பின்னும் போட்ட பில் இருந்தால், பெயரை மறைத்து அனுப்ப முடியுமா?

#16 ஃபார்ம்16

வருமான வரிப் பக்கத்தை நான் அட்டவணையாகப் போட்டுத் தருகிறேன். 3 லட்சத்தில் தொடங்கி 10 கோடி வரை, 2019, 2023, 2025 மூன்று மாற்றமும் சேர்த்து. சர்சார்ஜ், செஸ் எல்லாம் தனித்தனிக் கட்டமாக இருக்கும்.

#17 ஓவர்லாக்

எங்க வீட்டுக் கணக்க அம்மா ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்காங்க. வாடகை, கேஸ், ரீசார்ஜ், பெட்ரோல், சீட்டுக் காசு எல்லாம் இருக்குதுங்க. போட்டோ எடுத்து அனுப்பறேன். எங்க பேரு போடாம இருந்தாப் போதும்.

#18 பில்லிங் கவுண்டர்

இருக்குது சார். கடன் நோட்டு வச்சி வாங்கற வீடுங்கதான் எங்ககிட்ட அதிகம், அதனால ஆகஸ்டு பில்லும் அக்டோபர் பில்லும் அப்படியே கம்ப்யூட்டர்ல கெடக்குது. மூணு வீட்டுது எடுத்துத் தர்றேன். அக்டோபர்ல தீபாவளி வந்ததால எண்ணெய், மைதா, சர்க்கரை எல்லாம் கூட இருக்கும். அதக் கழிச்சிட்டு ஒப்பிடுங்க, இல்லன்னா கணக்கு தப்பா வரும்.